லாக்கரில் இருக்கும் மாத்திரை

பொய் சொன்னேன். மருதம்பட்டைக் கஷாயம்தான் என் கொழுப்பைக் குறைத்தது என்று என் மனைவி செல்வியிடம் பொய் சொன்னேன்.

உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை...

ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். எனக்குக் கொழுப்பு அதிகம் என்று வந்தது. கம்பெனி டாக்டர் மாத்திரை எழுதினார். சீட்டைப் பார்த்ததும் செல்வியின் முகம் வாடிவிட்டது.

"மாத்திரைய ஆரம்பிச்சா அப்புறம் வுடவே முடியாது. உன்ன நான் பாத்துக்கிறேன்," என்றாள்.

மறுநாளிலிருந்து, கம்பெனி பஸ் வருவதற்குள் மருதம்பட்டையும் வெந்தயமும் கொதித்து டம்ளருக்கு வந்துவிடும். துவர்ப்பும் கசப்புமாய் நாக்கு சுருண்டுகொள்ளும். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, முகம் கோணுவதைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே குடித்தேன் என்றால் நம்புவீர்களா?

ஆனால் பயம் விடவில்லை. மாத்திரையையும் வாங்கி, கம்பெனி லாக்கரில் பழைய சேஃப்டி ஷூவுக்குள் ஒளித்துவைத்தேன். ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றும்போது தினமும் ஒன்று.

அடுத்த ரிப்போர்ட்டில் கொழுப்பு இறங்கியிருந்தது. செல்வி அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள்.

"பாத்தியா, கஷாயம் கேட்டுச்சு."

"உன் கைப்பக்குவம் அப்படி," என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை...

மண்ணூரிலிருந்து வந்த அவள் அண்ணன் அந்தத் தாளைப் பார்த்தார். அவரும் கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்.

"மாப்ள, நெசமாவே இதுலதான் கொறஞ்சிச்சா?"

செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா மச்சான்," என்றேன்.

அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். வாரந்தோறும் செல்வி பட்டை வாங்கி அனுப்பினாள். அவர் நிறுத்தியது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆறாம் மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் தெருமுனைவரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது.

"மாத்திரைய ஏன் நிறுத்தினீங்க?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது செல்வி தலைகுனிந்தாள். நானல்லவா குனிந்திருக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "உனக்குக் கேட்டுச்சே, எங்க அண்ணனுக்கு ஏன் கேக்கல? நான் எதனா தப்பா சொல்லிக் குடுத்துட்டனா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"உடம்புக்கு உடம்பு மாறும்ல," என்றேன்.

இப்போதெல்லாம் தண்ணீரை அளந்து ஊற்றுகிறாள். பட்டையை இரண்டு முறை கழுவுகிறாள். அண்ணன் வீட்டுக்குப் போனால் அடுப்படிப் பக்கமே போவதில்லை. தன் கையால் அவருக்கு ஒரு டீகூடப் போட்டுக் கொடுப்பதில்லை.

இன்று காலையும் டம்ளரை நீட்டினாள். குடித்து முடிக்கும்வரை நின்றாள். முன்போலச் சிரிக்கவில்லை.

"சரியா இருக்குதா?" என்று கேட்டாள்.

"சரியா இருக்குது," என்று சொல்லி பஸ் ஏறினேன். மாத்திரை இன்னும் அந்த ஷூவுக்குள்தான் இருக்கிறது...