ரோசலின் அண்ணியும் குழாய்ப்பாலும்

என் அண்ணி ரோசலினுக்குப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் யாரிடமும் மனத்தாங்கல் கிடையாது. பக்கத்து வீட்டுக்குப் புது பிரிட்ஜ் வந்தபோது முதலில் போய்த் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் அவள்தான். அவள் பொறாமைப்பட்டு நான் பார்த்தது ஒரே ஓர் ஆள்மீது.

எண்பத்து நான்கில் பிறந்த அவளுடைய மகன் கிரிகரிக்கு இதயத்தில் ஓட்டை. எடை கொஞ்சம் ஏறினால்தான் அறுவை சிகிச்சை என்றார் டாக்டர். மார்பில் சப்பிக் குடிப்பதே அவனுக்குப் பெரிய உழைப்பு. குடித்த பாலெல்லாம் அந்த உழைப்பிலேயே கரைந்துவிடும். அதனால் அண்ணி பாலைப் பீய்ச்சிக் கொடுப்பாள். ஆஸ்பத்திரியில் தாதி குணபூசணி பிள்ளையை மடியில் வைத்து, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில் அதை இறக்குவார். வார்டில் எல்லாருக்கும் அவர் ‘மிஸ்ஸி’.

"பால் என்னோடது, மடி அவளோடது," என்றாள் அண்ணி என்னிடம். "நாளைக்கு அவளத்தான் அம்மான்னு நெனைப்பான்."

"மிஸ்ஸிக்கு அந்த வார்டுல எத்தன பிள்ளைங்க, அண்ணி."

"அப்பறம் இவன் எதுக்கு அவளுக்கு?"

மிஸ்ஸி சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, அண்ணி திரையை இழுத்துவிட்டுப் பிள்ளையை மார்பில் போடத் தொடங்கினாள். அவன் சப்புவான், சற்று நேரத்தில் தூங்கிவிடுவான். வயிறு நிறைந்துவிட்டது என்று அவளுக்கு ஒரே பூரிப்பு.

ஒரு மதியம் மிஸ்ஸி சீக்கிரம் திரும்பிவந்து திரையை விலக்கினார். பிள்ளையின் நெற்றியெல்லாம் வியர்வை, உதட்டில் நீலம். ஆக்சிஜன் வைத்து, நிறம் திரும்பிய பிறகுதான் பேசினார்.

"எத்தன நாளாக்கா?"

"மூணு நாளா. நல்லாக் குடிச்சிட்டுத் தூங்கினான் மிஸ்ஸி."

"தூங்கல. களைச்சுப் போயிட்டான்."

"உங்க மடியில மட்டும் களைக்க மாட்டேங்கிறான்."

"என்கிட்ட சும்மாதானே லா படுத்திருக்கான். வேலையெல்லாம் குழாய் பாக்குது."

எடை போட்டார்கள், குறைந்திருந்தது. அறுவை தள்ளிப்போனது. அடுத்த வேளைப் பால் நேரம் வந்ததும் அண்ணி மிஸ்ஸியிடம், "எனக்குக் கத்துக் குடுங்க," என்றாள்.

குழாய் வயிற்றில் இருக்கிறதா என்று மிஸ்ஸி சோதித்துக் கொடுத்தார். சிரிஞ்சை அண்ணி பிடித்துக்கொண்டாள். அழுத்தக் கூடாது, பால் தானாகவே இறங்க வேண்டும். பாதியில் பக்கத்துக் கட்டிலிலிருந்து மிஸ்ஸியின் குரல் கேட்க, அம்மாவின் மடியிலிருந்தபடியே கிரிகரி கண்ணை அங்கே திருப்பினான். அண்ணியின் முகம் சுருங்கியது. கை மட்டும் அசையவில்லை.

"பாக்கட்டும்," என்றாள் என்னிடம் மெதுவாக. "பாலு எறங்கினாப் போதும்."

எடை ஏறியது, அறுவைக்குத் தேதி கிடைத்தது. அந்தச் செய்தியை மிஸ்ஸி முதலில் பிள்ளையின் காதில்தான் சொன்னார். அதற்கும் அண்ணி இரண்டு நாள் பொருமினாள்.