மாமிக்குக் கொடுக்காத சிறுநீரகம்

ஆறாம் மாதத்திலேயே என் கால்கள் வீங்கிவிட்டன. வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீட்டுக்குப் படியேறும்போது கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. மாமியிடம் சொன்னேன். கணவரின் தாய் அவர். நெடுநாள் நீரிழிவில், எங்கள் பேச்சில் சீனி வருத்தத்தில், சிறுநீரகங்கள் பழுதாகிக்கொண்டிருந்தவர்.

"வருத்தம் எண்டா என்னெண்டு எனக்குத் தெரியும். உமக்கு வந்திருக்கிறது வேலைக்கள்ளம்," என்றார். கணவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

சில நாட்களில் பிரஷர் எகிறிச் சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வயிறு தட்டையாக இருந்தது. பெண் குழந்தை, ஒரு பகல் உயிரோடு இருந்ததாம். எனக்குக் காட்டாமலே அடக்கம் செய்துவிட்டார்கள். "பாத்தா தாங்கமாட்டீர் எண்டு அம்மா சொன்னவ," என்றார் கணவர்.

அந்த வார்டுக்கு ஒரு பெண் டொக்டர் வந்தார். கர்ப்பகாலப் பிரஷரையும் சீனி வருத்தத்தில் வரும் சிறுநீரக நோயையும் சேர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தவர். கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து, "பிள்ளைக்குப் பேர் யோசிச்சு வைச்சிருந்தனீங்களோ?" என்று முதலில் கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. நான் அழுது முடியும்வரை இருந்துவிட்டுத்தான் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார்.

"கிட்னிக்குள்ள தேத்தண்ணி வடி மாதிரிச் சின்னச் சின்ன வடிகள் இருக்கு. அதைத் தாங்குற செல்கள் கழண்டு சலத்தோட போகுது. உங்களுக்கும் போகுது, சீனி வருத்தக்காரருக்கும் போகுது. ஏன் எண்டுதான் பாக்கிறம்."

நான் சம்மதித்தேன். தன்னையும் நன்றாகக் கவனிப்பார்கள் என்று நினைத்து மாமியும் சேர்ந்தார். இருவரும் ஒரே ஓட்டோவில், மடியில் சிறுநீர் நிரப்பிய சலப் போத்தல்களுடன் கிளினிக்குக்குப் போய்வந்தோம். வழியெல்லாம் மாமி வெளியே பார்த்தபடி இருப்பார்.

அடுத்த வருடம் அவருக்கு டயாலிசிஸ் தொடங்கியது. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் நல்லது என்றார்கள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கணவர், "அம்மாவுக்கு நீர் ஒண்டு குடுத்தா என்ன?" என்றார்.

"நீங்கள் குடுக்கலாம்தானே?"

மாமி முந்திக்கொண்டார். "அவன் உழைக்கிற பிள்ளை."

நானும் அன்றைக்கு உழைத்துக்கொண்டுதான் இருந்தேன், காலி வீதியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில். அதைச் சொல்லிப் பயனில்லை. கணவர் என்னை அதே டொக்டரிடம் கூட்டிச் சென்றார். அவர் சோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்கட பிரஷர் இன்னும் இறங்கேல்லை. சலத்தோட புரதமும் போய்க்கொண்டுதான் இருக்கு. உங்களிட்ட எடுக்க ஏலாது. பிறகொரு காலம் உங்களுக்கே தேவைப்படலாம்."

எனக்கு அது புதுச் செய்தி. பிள்ளை போனதோடு அந்த நோயும் போய்விட்டது, கிளினிக்குக்குப் போவது ஆராய்ச்சிக்காக மட்டும் என்றே நினைத்திருந்தேன்.

"மருந்து குடுத்துக் கெதியாச் சரிப்படுத்திப்போட்டு எடுக்கலாமோ, டொக்டர்?" என்று கேட்டார் கணவர்.

டொக்டர் அவர் பக்கம் திரும்பினார். "இவ சுகமா இருக்கிறதுக்காக ஒண்டும் கேக்கமாட்டீங்களோ?"

அன்றிரவு நான் பரிமாறும்போது மாமி என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளையையும் தரேல்லை. கிட்னியையும் தரேல்லை. உம்மைக் கட்டி என்ர மகன் என்ன கண்டான்?"

கணவர் ஏதாவது சொல்வார் என்று கையில் அகப்பையுடன் நின்றேன். அவர் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சொதி விடும்," என்றார்.

அந்தக் கிழமையே பாமன்கடையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். யாரும் கூப்பிட வரவில்லை. கிளினிக்குக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். "நாங்கள் கண்டுபிடிக்கிறது உங்களுக்கு உதவுமோ தெரியாது," என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஆனாலும் இரத்தம் கொடுத்தேன்.

மாமி ஒரு மழைக்காலத்தில் இறந்தார். உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போனேன். பிளேன்டீ தந்த சொந்தக்காரப் பெண்ணொருவர் மற்றவரிடம், எனக்குக் கேட்கட்டும் என்றே, "இவ குடுத்திருந்தா மனுசி இண்டைக்கு உயிரோட இருந்திருக்கும்," என்றார். கணவர் பக்கத்திலேயே நின்றார். ஏன் கொடுக்கவில்லை என்பது அந்த மண்டபத்தில் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அவர் தனக்கும் ஒரு பிளேன்டீ வாங்கிக்கொண்டார்.

கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வெளியே மழை விடவில்லை. குடை எடுத்து வந்திருக்கவில்லை. நனைந்தபடியே பஸ் நிறுத்தம்வரை நடந்தேன்.