தலைமன்னாரில் காத்திருந்த ஆறு இலக்கம்

அன்றைக்குத் தலைமன்னார் பழைய இறங்குதுறைக்குப் போனவர்கள் நான்கு பேர்: குழுவைத் தொடங்கிய அக்கா, எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த என் கூட்டாளி, எங்களை ஏற்றிவந்த ஓட்டோ அண்ணன், நான். வராதவர்கள் குழுவிலிருந்த மற்ற எல்லாரும். அவர்கள் ஆயிரத்தை எப்போதோ தாண்டியிருந்தார்கள். குழு பூட்டுப்பட்டதே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. "இன்ரநெற் வேலை செய்யேல்லை" என்று தங்கள் போனைத் தட்டிக்கொண்டு வீட்டில் இருந்திருப்பார்கள்.

பயனுள்ள இணையத்தளங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிற குழு அது. அக்கா அதை இந்தியாவில், மண்டபம் பக்கத்து அகதி முகாமில் இருக்கும்போதே தொடங்கியவ. முகாம் பிள்ளைகளை எந்தக் கல்லூரி எடுக்கும், எங்கே விண்ணப்பிக்கலாம் என்று தேடி எழுதியதுதான் ஆரம்பம். பிறகு குடும்பங்கள் ஒவ்வொன்றாய் மன்னாருக்குத் திரும்பின. குழுவும் கூடவே கடல் கடந்து வந்தது. பழைய வினாத்தாள்கள் எங்கே இறக்கலாம், இந்தியாவில் பிறந்த பிள்ளையின் பதிவுக்கு எந்தக் கந்தோருக்குப் போய் எழுதிக்கொடுப்பது, நாளைக்குக் காற்று எப்படி, கட்டுக்கரைக் குளத்து நெல்லுக்கு என்ன விலை என்று கேள்விகள் மாறின. எங்கள் பாப்பாமோட்டை வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். உயர்தரப் பரீட்சைக்கு என்ன பாடம் எடுப்பது என்று கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை. அப்பாவிடம் கேட்டால், "உனக்கு விளங்கிறதை எடன்" என்பார். நான் குழுவில் கேட்டேன். விடியமுன் ஒன்பது பேர் பதில் எழுதியிருந்தார்கள்.

குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஒரு தளத்தின் முகவரியைப் போட்டால், மற்றவர்கள் அதைத் தங்கள் போனில் திறந்து பார்த்துவிட்டுக் கீழே "திறக்குது" என்று எழுதவேண்டும். திறக்காவிட்டால் "திறக்கேல்லை". நெற் கபேயில் அரை மணித்தியாலக் காசு கட்டிவிட்டு, திறக்காத தளத்துக்கு முன்னால் குந்தியிருந்த அனுபவம் எல்லாருக்கும் இருந்தது. அதனால் வந்த வழக்கம். ஒரு தளத்துக்குக் கீழே இருபது "திறக்குது" கிடந்தால் நம்பிப் போகலாம்.

அந்த வழக்கமே வினையானது. பரீட்சை முடிவு வந்த அன்று அக்கா முடிவு பார்க்கும் தளத்தைப் போட்டா. கொஞ்ச நேரத்துக்குள் நானூறு, ஐந்நூறு பேர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். குழு நடந்த தளத்தைக் காவல் பார்த்துக்கொண்டிருந்த இயந்திரத்துக்கு இது மனிதர் செய்கிற காரியமாய்த் தெரியவில்லைப் போல. அக்காவின் கணக்கைப் பூட்டி, குழுவையும் மறைத்துவிட்டது. திறக்க வேண்டுமென்றால், கணக்குத் தொடங்கும்போது கொடுத்த போன் இலக்கத்துக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று அனுப்புவோம், அதை எழுதுங்கள் என்றது. கொடுத்திருந்ததோ முகாமில் வாங்கிய இந்திய சிம்.

அக்கா வழமையாய்ப் பதறுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் பதறினா. அங்கே கல்லூரியில் கணினிப் பட்டம் முடித்தவ. அந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்று கொழும்பிலிருந்து பதில் வரவே இல்லை. வீட்டில் இருந்து சட்டை தைத்தா. குழுவில் மட்டும் எல்லாரும் அவவை "டீச்சர்" என்றார்கள். அதை யாரோ ஒரு பள்ளிக்கூட அதிபருக்குக் காட்ட, அவர் அக்காவைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமை பெற்றோர் கூட்டம். வந்து உந்தக் குழுவைத் திறந்து காட்டுங்கோ பிள்ளை. சனம் பார்த்துச் சரியெண்டால் கணினி வகுப்பை உங்களிட்டைத் தாறம்" என்று சொல்லியிருந்தார். குழு பூட்டுப்பட்டது வெள்ளிக்கிழமை.

"பட்டத்தை ஒருத்தரும் நம்பேல்லை. காட்டிறதுக்கு இருந்ததே இது ஒண்டுதான்," என்றா அக்கா.

தலைமன்னார்க் கரையில் நின்றால் இந்தியச் சிக்னல் பிடிக்கும் என்பது ஊரறிந்த விசயம். முகாமிலேயே தங்கிவிட்ட சின்னம்மாவுக்கு அக்கா போன் எடுத்து, சிம்முக்குக் காசு போடச் சொன்னா. சின்னம்மா கேட்டாவாம்: "என்னடி, அந்த நம்பருக்கு உயிர் குடுக்கிறாய்? திரும்பி வாறியோ?"

சனிக்கிழமை காலையில் போனோம். இந்திய சிம்மை ஓட்டோ அண்ணனின் பழைய பட்டன் போனில் போட்டோம். இணையம் கூட்டாளியின் போனில். கரையில் இந்தியச் சிக்னல் நல்லாய்த்தான் வந்தது. ஆனால் கூட்டாளியின் போனும் நம்மூர்ச் சிக்னலை விட்டுவிட்டு அதைத்தான் பிடித்தது, இணையம் நின்றுபோனது. நம்மூர் இணையம் வேண்டுமென்றால் ஓட்டோவில் சந்திக்குத் திரும்பவேண்டும். சந்தியில் நின்று இலக்கம் கேட்டோம், கரைக்கு ஓடினோம், இலக்கம் வந்தது, சந்திக்கு ஓடினோம். எழுதினால், "காலாவதியாகிவிட்டது". இன்னொருமுறை ஓடினோம். அதுவும் காலாவதி. "இனி ஒரு வாய்ப்புத்தான் உண்டு" என்று ஒரு சிவப்பு வரி வந்தது.

இனி என்ன செய்யலாம் என்று பார்க்க மறுபடியும் கரைக்கு வந்தபோது ஒரு நேவிக்காரப் பெடியன் ஓட்டோவை மறித்தான். "மொகத மல்லி?" என்ன விசயம் என்று என்னைத்தான் கேட்டான். நான் கூட்டாளியைப் பார்த்தேன். இந்தியப் பக்கம் பார்த்துப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்குள் இந்திய சிம்மும் வைத்துக்கொண்டு நின்றால் யார்தான் கேட்கமாட்டார்கள்?

கூட்டாளி புத்தளத்தில் வளர்ந்தவன். சிங்களம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. கையை ஆட்டி ஆட்டி எல்லாம் சொன்னான். நேவிக்காரன் ஏதோ கேட்டான். கூட்டாளி எங்கள் பக்கம் திரும்பி, "அந்தக் குழுவைக் காட்டட்டாம்" என்றான்.

"அதைக் காட்ட ஏலாமத்தானே இங்கை வந்து நிக்கிறம்!" என்றா அக்கா.

அதைக் கூட்டாளி சிங்களத்தில் சொல்ல, அவன் சிரித்துவிட்டான். பிறகு தன் போனை எடுத்துக்காட்டித் தன் துயரத்தைச் சொன்னான். இங்கே நின்று அம்மாவுக்கு எடுத்தால் இந்தியச் சிக்னல் பிடித்து, போட்ட காசெல்லாம் ஒரே நாளில் போய்விடுகிறதாம். கவனம் என்று எச்சரித்துவிட்டு, போகாமல் எங்களோடேயே நின்றான்.

கூட்டாளி போனைப் பார்த்தான். "அக்கா, இந்தியச் சிக்னலிலேயே நெற்றைப் போடட்டே?"

"வேண்டாமடா. அவன் சொன்னது கேக்கேல்லையே? உன்ர வாப்பாவல்லோ பில் கட்டுறவர்."

"ரெண்டு நிமிசந்தானே. வாப்பாவோட நான் கதைக்கிறன்."

"வேண்டாமெண்டுறன்."

அவன் போனை இந்தியச் சிக்னலிலேயே நிற்கும்படி போட்டுவிட்டான். இலக்கம் கேட்டோம். பட்டன் போன் அக்காவின் உள்ளங்கையில் இருந்தபடி அதிர்ந்தது. அவ வாசிக்க வாசிக்க நான் எழுதினேன். ஆறாவது இலக்கத்தில் அக்கா கண்ணைச் சுருக்கினா, வெயிலுக்கு அது ஒன்றோ ஏழோ என்று தெரியவில்லை. நேவிக்காரன் எட்டிப் பார்த்துச் சிங்களத்தில் "ஹத" என்றான். ஏழு. குழு திறந்தது.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் ஒரே கூத்து. அக்கா கூட்டாளியின் போனை வாங்கி வைத்துக்கொண்டு, பூட்டுப்படமுன் வந்து பதிலில்லாமல் தேங்கிக் கிடந்த கேள்விகளை ஒவ்வொன்றாய்ச் சத்தமாய் வாசித்தா. படங்கள், காணொளிகள் எல்லாம் இறங்கிக்கொண்டே இருந்தன. போட்டதை நிறுத்தவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. பேசாலை வரைக்கும் அந்தப் போன் இந்தியாவிலேயே இருந்தது.

திங்கட்கிழமை அக்கா குழுவைத் திரையில் காட்டினா. பின்வரிசையில் இருந்த ஒரு மீன்காரர், "உதிலை காத்துப் பார்க்கிறனான் நான்" என்று எழும்பிச் சொன்னாராம். வகுப்பு அக்காவுக்குக் கிடைத்தது. பெற்றோர் சங்கம் கொடுக்கிற சம்பளம், பெரிசாய் ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது பள்ளிக்கூட வாசலிலும் அவவை டீச்சர் என்கிறார்கள்.

மாதக் கடைசியில் கூட்டாளியின் வாப்பாவுடைய கடைக்குப் பில் வந்தது. வாப்பா அதை இரண்டுதரம் வாசித்துவிட்டு மகனைப் பார்த்துக் கேட்டாராம்: "இந்தக் காசுக்கு நீ இந்தியாவுக்கே போயிட்டு வந்திருக்கலாமேடா?"

குழுவில் ஒரு வரி போட்டால் ஆளுக்குக் கொஞ்சமாய்ச் சேர்ந்துவிடும் என்று நான் சொன்னேன். அக்கா ஒரே பிடியாய் மறுத்துவிட்டா. "அங்கை காசு எண்ட சொல்லு வந்தால் பிறகு ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம் தம்பி." அதனால் மூன்று பேரும் பிரித்துக்கொண்டோம். அக்கா தையலில் கொடுத்தா, நான் மாலையில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துக் கொடுத்தேன், கூட்டாளி வாப்பாவின் கடையில் சம்பளமில்லாமல் நின்று கழித்தான். சின்னம்மா தான் போட்ட காசை வாங்கமாட்டேன் என்றுவிட்டா. ஓட்டோ அண்ணன் பெற்றோலுக்கு ஆயிரத்து இருநூறு மட்டும் எடுத்தார். பில் பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது. எல்லாமாய்ப் பத்தொன்பதாயிரத்து அறுநூற்று அறுபது ரூபா.