குலுக்கலில் விழாத பெயர்

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் சின்னவளின் வேலை. அரசாங்கம் வேலைவாய்ப்புக்கோ குடும்ப நலத்துக்கோ ஒரு திட்டம் போட்டால், அது உண்மையிலேயே யாருக்கு எட்டியது, யாருக்கு எட்டவில்லை என்று விசாரித்துச் சொல்லும் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருந்தாள். கதவைத் திறப்பவர்களில் பாதிப்பேர் அவளைத் தண்ணீர் வடிகட்டி விற்க வந்தவள் என்றே நினைப்பார்கள். "ஒண்ணும் விக்க வரலைங்க, கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்" என்பாள் சிரித்தபடி. அந்தச் சிரிப்புக்கே உட்கார நாற்காலி வந்துவிடும்.

அந்த வீடுகளில் அவளை உறுத்திய காட்சி ஒன்று உண்டு. தையல், கம்ப்யூட்டர், மின்சார வேலை என்று ஏதேதோ பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் மாட்டியிருக்கும். அதற்கு நேர் கீழே, அதை வாங்கியவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார். பயிற்சி கொடுத்தவர்கள் அதற்குப் பிறகு என்ன ஆனது என்று எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நகரத்தின் ஓரத்தில் இருந்த தகர டப்பா ஆலையை மூடினார்கள். அவளுடைய அத்தான் அங்கே வெல்டர். அம்மா போன பிறகு சின்னவளைத் தன் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தவள் அக்கா. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் அத்தான். அவர் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல் திரும்பவும் கழற்றுவதை அக்கா போனில் சொன்னாள்.

வேலை இழந்தவர்களுக்காகத் தொழிலாளர் துறை புதிதாக ஒரு திட்டம் கொண்டுவந்தது. எல்லோருக்கும் ஒரு மாதப் பயிற்சி. அதோடு, ஆளுக்கு ஓர் ஆலோசகரின் துணை. அவர் வாரம்தோறும் பேசுவார், கூடவே கூட்டிப்போய் முதலாளிகளிடம் அறிமுகப்படுத்துவார். ஆனால் பாதிப்பேருக்குத் தரும் அளவுக்குத்தான் ஆலோசகர்கள் இருந்தார்கள்; மற்றவர்களுக்குப் பயிற்சி மட்டும். ஆலோசகரை யாருக்குத் தருவது என்று குலுக்கல் போடுவதும், கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒரு வருடம் பின்தொடர்ந்து பார்ப்பதும் சின்னவளின் நிறுவனத்தின் பொறுப்பு.

குலுக்கலில் அத்தான் பெயர் விழவில்லை.

அக்கா அன்று மாலையே வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒரு பேரை மாத்தி வைக்கிறது உனக்கு அவ்வளவு பெரிய காரியமா?"

பெரிய காரியம் இல்லைதான். குலுக்கல் கணக்கைப் பார்த்துக்கொண்டவள் சின்னவளின் நெருங்கிய தோழி. மறுநாள் சின்னவள் அந்தத் தோழியின் மேசை வரை போய் நின்றாள். வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, மழை வரும்போல இருக்கிறது என்று ஏதோ சொல்லித் திரும்பினாள். பிறகு நேராக இயக்குநரிடம் போய், இதில் தன் அத்தானும் இருக்கிறார், மனசு கேட்கவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

அவர் அவளைக் கண்டிக்கவில்லை. அத்தானின் வீடு இருக்கும் பகுதியில் விசாரிக்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நமக்கு வேண்டியவங்களை உள்ளே தள்ளிட்டா, வேலை கிடைச்சது திட்டத்தாலயா, சிபாரிசாலயான்னு யாருக்கும் தெரியாது. தெரியலேன்னா, செலவைக் குறைக்கணும்னு வரும்போது முதல்ல இதைத்தான் நிறுத்துவாங்க. அப்ப உங்க அத்தானுக்கும் கிடையாது, யாருக்கும் கிடையாது."

அக்காவிடம் இதைச் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. அதற்குப் பிறகு அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. சின்னவள் போனால் கதவைத் திறப்பாள், தண்ணீர் கொடுப்பாள், அவ்வளவுதான். அத்தான் பயிற்சி முடித்தும், கிடைத்த சில்லறை வேலைகளைத்தான் செய்தார். ஒரு வாரம் இரும்பு கேட் பற்றவைப்பார், அடுத்த வாரம் சும்மா இருப்பார். ஆனாலும் ஆய்வுக்காரர் வரும்போதெல்லாம் ஒளிக்காமல், நிலையான வேலை இல்லை என்று சொல்லி அனுப்பினார். மற்ற வீடுகளில் கேள்வி கேட்கும்போது சின்னவளுக்குத் தன் குரலே அந்நியமாகக் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வருடத்தை ஓட்டினாள்.

முடிவு வந்தபோது பலருக்கு ஆச்சரியம். பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்குப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. வேலை வாங்கித் தந்தது, கூடவே நடந்த ஆலோசகர்தான். அவர் துணை கிடைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரமாக வேலைக்குப் போயிருந்தார்கள்; போன வேலையில் நிலைத்தும் இருந்தார்கள். துறை பயிற்சியைச் சுருக்கி, அந்தப் பணத்தில் ஆலோசகர்களைக் கூட்டியது. குலுக்கலில் விழாதவர்களுக்கே முதல் அழைப்பு என்றும் முடிவானது.

அத்தானுக்கு வந்த ஆலோசகர் கொஞ்சம் கறாரான அம்மா. இனிமேல் எதற்கு என்று அத்தான் இழுத்ததை அந்த அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆலையில் எதையெல்லாம் சரிசெய்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு, ஊரில் நாலைந்து இடங்களுக்குக் கூட்டிப்போனார். இரண்டு இடங்களில் வயதைக் காரணம் காட்டினார்கள். கடைசியில் ஒரு பெரிய மருத்துவமனையின் பழுதுபார்ப்புக் கூடத்தில், கால் ஆடும் கட்டில்களையும் சக்கரம் சிக்கிய தள்ளுவண்டிகளையும் காட்டி, எப்போது வரமுடியும் என்று கேட்டார்கள்.

வேலையில் சேர்ந்த வாரக் கடைசியில் சின்னவளை அத்தானே கூப்பிட்டார். அவள் போனபோது வாசலிலேயே நின்றிருந்தார். கையில் தீப்பொறி பட்ட புதுத் தழும்பு.

"நான் வேலை இல்லை, வேலை இல்லைன்னு சொன்னதெல்லாம் கணக்குல சேர்ந்துச்சாமே?"

"சேர்ந்துச்சு அத்தான். ஆலோசகர் கிடைச்சவங்களை உங்களை மாதிரி இருந்தவங்களோட வச்சுப் பார்த்ததாலதான் எது உதவுச்சுன்னு தெரிஞ்சுது. நீங்க சொல்லாம விட்டிருந்தா அந்தக் கணக்கே நின்னிருக்காது."

"அப்ப சும்மா உட்கார்ந்திருந்த வருஷத்துலயும் ஒரு வேலை பார்த்திருக்கேன்" என்றார். சிரிப்பு மெல்லத்தான் வந்தது, வந்தபிறகு நிற்கவில்லை.

அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்க இன்னும் கொஞ்சம் தயக்கம் இருந்தது. "ஊரெல்லாம் அலைஞ்சு ஆளே பாதியாயிட்டா. சாப்பிட்டுட்டு உட்கார்ந்து பேசட்டும், நீங்க அவளை விடுங்க" என்று அத்தானைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தட்டு எடுக்கப் போனாள்.