அக்கா பேசியபடியே

கேரளத்து மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் இருந்தவர்கள் எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள். அப்பா கார்ப்பரேஷனில் தெரு பெருக்கும் வேலை பார்த்தார். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், "அப்பாவுக்கு கார்ப்பரேஷன்ல வேலை" என்று மட்டும் சொல்வேன். என்ன வேலை என்று கேட்பதற்குள் பேச்சை மாற்றிவிடுவேன். படித்தது மலையாளம் மீடியம். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே எம்.ஏ. முடித்த பிறகுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடந்த விஷயத்தில் முதல் தப்பு என்னுடையது.

ஊடகத் துறையில் பிஎச்.டி. சேர்ந்தபோது, போனில் குட்டி வீடியோ எடுத்துப் போடுகிற சாதாரண மனிதர்களைப் பற்றி ஆய்வு செய்ய நினைத்தேன். அதற்காக எங்கும் அலையவில்லை. எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருந்த அக்காவிடம் போய் நின்றேன்.

அக்காவுக்கு வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் கழிவு எடுக்கிற வேலை. மதியம் திரும்பி வந்ததும் சீருடையான பச்சைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், தண்ணீர்க் குடத்தில் போனைச் சாய்த்து வைத்து ஒரு நிமிட வீடியோ எடுப்பாள். எல்லா வேஷமும் அவளேதான். தலையில் துண்டு கட்டினால் சூப்பர்வைசர். தோளில் ஷால் போட்டால் ஏதோ ஒரு வீட்டுச் சேச்சி. இரண்டும் இல்லாவிட்டால் அவளே. கழுவாத பால் கவரை நீட்டிக்கொண்டே சேச்சி சுத்தத்தைப் பற்றி உபதேசம் செய்வாள். அக்கா பதில் சொல்வாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

கமெண்ட்டில் இரண்டு பக்கத்திலிருந்தும் திட்டு வரும். இங்கிருந்து, தமிழர்களை இளக்காரமாகக் கூப்பிடுகிற சொல்லில், "பாண்டி, உன் ஊருக்குப் போ." தமிழ்நாட்டிலிருந்து, "இது தமிழா? தமிழைக் கொல்லாதே." அக்கா எல்லோருக்கும் ஒரே பதில்தான் போடுவாள்: "சாயா குடிச்சிட்டுப் போங்க."

அவளுடைய வீடியோக்களை ஆய்வேட்டுக்காக வார்த்தைக்கு வார்த்தை எழுதினேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 'எனக்கு அறியாம்' என்று அவள் சொன்ன இடத்தில் 'எனக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தேன். 'பைப்புல வெள்ளம் வரல' என்பது 'குழாயில் தண்ணீர் வரவில்லை' ஆகியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"இது ஆரு பேசினது?" என்றாள்.

"நீங்கதான் அக்கா."

"நானா? நான் இப்பிடிப் பேசினா, அந்தச் சேச்சி கவரைக் கழுவி, மடிச்சு, கையில தந்துடும் கேட்டோ. பின்ன எங்க இருந்து சண்டை வரும்?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டு பாஷையும் தெரியாம உளர்றேன்னு நீயும் நினைச்சியா?"

போனை எடுத்துக் காட்டினாள். உடைந்த குடை பற்றிய ஒரே சண்டையை மூன்று தடவை எடுத்திருந்தாள். ஒன்று முழுக்க மலையாளம். ஒன்று டிவி சீரியல் தமிழ். இரண்டையும் வெளியே விடவில்லை. மூன்றாவதுதான் நான் பார்த்திருந்தது. அதில் சேச்சி மலையாளத்திலேயே அதட்டுகிறாள். உடைந்த குடையையும் அக்கா தலையில் தள்ளிவிட வேண்டும் என்றதும் குழைந்துகொண்டு, "அக்கா, கொஞ்சம் எடுங்க அக்கா" என்று தமிழுக்கு வருகிறாள். அதுவரை தமிழில் மல்லுக்கட்டிய அக்கா, கழிவாக எடுக்கும் பொருட்களின் பட்டியலில் குடை இல்லை என்பதை அரசாங்க அறிவிப்பு மாதிரி நல்ல மலையாளத்தில் சொல்கிறாள். சிரிப்பே அந்த இடத்தில்தான் இருந்தது. நான் அதைத்தான் திருத்தித் தொலைத்திருந்தேன்.

அவள் பேச்சை எழுதியிருந்த பின்னிணைப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். இந்த முறை அவள் பேசியபடியே.

என் ஆய்வு வழிகாட்டியான டீச்சருக்குத் தயக்கம். "படிக்காதவங்கன்னு காட்டிடும். அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

"அவங்க நல்லது அவங்களுக்குத் தெரியும் டீச்சர்" என்றேன். டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வு பொது அரங்கில் நடக்கும். யாரும் வந்து உட்காரலாம். அக்காவிடம் தேதியை மட்டும் சொல்லியிருந்தேன். அரை நாள் லீவு போட்டு, அதே பச்சைக் கோட்டோடு வந்துவிட்டாள். கழிவெடுக்கப் பின் கேட்டுக்குப் போகும்படி வாட்ச்மேன் சொன்னாராம். "கழிவெடுக்க இல்ல சேட்டா, பிஎச்.டி. எடுக்க வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு நேராக உள்ளே வந்திருக்கிறாள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பின்னிணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "இரண்டு மொழியும் சரியாகத் தெரியாத ஒருவரின் பேச்சு. இதில் படைப்பாற்றல் எங்கே இருக்கிறது?"

மூன்று வீடியோக்களையும் வரிசையாகப் போட்டுக் காட்டினேன். முதல் இரண்டுக்கும் அரங்கம் சும்மா இருந்தது. மூன்றாவதற்குப் பின்வரிசைகள் சிரித்தன. தேர்வாளர் சிரிக்கவில்லை.

"இது ரசனை, ஆய்வு இல்லை. பின்னிணைப்பைத் திருத்திக் கொடுங்கள், ஒப்புதல் தருகிறேன்."

பார்வையாளர்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா என்று தேர்வுக் குழுத் தலைவர் கேட்டார். அக்கா எழுந்தாள்.

"சாரே, திருத்தினா அது சாரோட வீடியோ ஆயிடும். என்னோடது இருக்கிற மாதிரி இருக்கட்டும். சாருக்கு வேணும்னா தனியா ஒண்ணு எடுத்துப் போடலாமே."

முன்வரிசையும் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் பேசினேன். "சார், என் அப்பா இந்த ஊரில் தெரு பெருக்கினவர். எங்கள் வீட்டிலும் இதைத்தான் பேசுகிறோம். இதில் நான் எதையும் திருத்தப் போவதில்லை." அப்பாவின் வேலையை ஒரு சபையில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. நாக்குக் குழறவில்லை.

திருத்தினால் மட்டுமே பட்டம் என்று அறிக்கை வந்தது. மறுத்து, காரணங்களோடு நீண்ட கடிதம் எழுதினேன். டீச்சரும் கூடவே ஒரு கடிதம் வைத்தார். மாதங்கள் போயின. காத்திருந்த ஒரு கல்லூரி வேலை கைவிட்டுப் போனது. "நாலு வார்த்தைதானே, மாத்திட்டுப் போயேன்" என்று தோழிகள் சொன்னார்கள். நாலு வார்த்தைக்குப் பல்கலைக்கழகம் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்று கேட்டேன். கடைசியில் ஆய்வேட்டை வேறொரு தேர்வாளருக்கு அனுப்பினார்கள். அவர் ஒரு எழுத்தையும் தொடவில்லை.

செய்தி வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் நாய் குரைத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, கிடைச்சிடுச்சு. அப்படியே."

"நல்லது மோளே. நான் இங்க ஒரு வீட்டு வாசல்ல நிக்கிறேன், ஒருத்தி தலகாணியைக் கொண்டு வந்து நீட்டுறா. போனை வெச்சிடட்டா?"

வைத்துவிட்டாள்.