உள்பக்கம் மேலாகத் தைத்த போர்வை

என் மனைவிக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம், தெருமுனை மெக்கானிக் கடைக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. அக்கா எப்பவும் வெட்டுத்துணி குடுத்து விடுவாக. கிரீஸ் தொடைக்கத் துணி இல்ல. இருந்தாப் பாருங்க, இல்லேன்னா பரவால்ல."

தப்பாகத்தான் நினைத்தேன். ஆனால் அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டு முன்னறையில் என் மனைவி தையல் மிஷின் போட்டிருந்தாள். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் பாதிப் பெண்களுக்கு அவள்தான் ஜாக்கெட் தைத்தாள். வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளைச் சாக்கில் போட்டு அமுக்கி வைப்பாள். சாக்கு நிறைந்ததும் மெக்கானிக் கடைக்குப் போகும். முப்பதாம் நாளன்று அவளுடைய சேலைகளைச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்களில் வழக்கம் அது, நானும் தடுக்கவில்லை. மிஷினுக்கு அடியில் கிடந்த இந்த மூன்று சாக்குகளை யாரும் சீந்தவில்லை.

ஒன்றை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வாய் கட்டாத சாக்கு. மேலாக இருந்த ஒரு துண்டு தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தால், அதன் உள்பக்கத்தில் வெள்ளைச் சாக்கட்டியால் வளைத்துப் போட்ட ஒரு கோடு, பக்கத்தில் பதினாலு என்று ஓர் எண். நாலுக்கு வாலை நீளமாக இழுத்து விடுவது அவள் வழக்கம். அந்த வால் அப்படியே இருந்தது.

"இல்லப்பா, இது எனக்கு வேணும்" என்றேன்.

அவர் சாக்குக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சரிண்ணே" என்று போய்விட்டார். அவர் ஏதோ கேட்கக்கூடாத சொத்தைக் கேட்டுவிட்டது போல நான் சாக்கை மார்போடு கட்டிப்பிடித்து நின்றிருக்கிறேன். உள்ளே வந்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

எழுதுவது என்றாலே அவளுக்கு ஆகாது. கடைக்குப் போகும்போதுகூட எல்லாம் மனதில்தான். அவள் கை எழுதியது என்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்தத் துணிகளில் இருந்த கோடும் எண்ணும்தான். அதுவும் ஒரு தடவை தண்ணீர் பட்டால் போய்விடுகிற சாக்கட்டி. சாக்கிலேயே விட்டால் உரசி உரசிப் போகும். எப்படியாவது அதைக் காப்பாற்ற வேண்டும் என்று அன்றைக்கே ஒரு வெறி பிடித்துக்கொண்டது. கோட்டின் மேலேயே நூலை ஓட்டிவிட்டால் என்ன, சாக்கட்டி போனாலும் நூல் நிற்குமே என்று தோன்றியது. துண்டுகளை எல்லாம் சேர்த்துப் போர்வையாகத் தைக்கும் யோசனை அப்படி வந்ததுதான். கலை ஆர்வம் எல்லாம் இல்லை.

நான் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். டிக்கெட் கிழிக்கத் தெரிந்த கைக்குத் தையல் எங்கே தெரியும்? முதலில் அவள் மிஷினில் உட்கார்ந்தேன். காலை வைத்ததும் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்தது. அப்போது எனக்குப் பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். நான் மிஷினைத் தொட்டாலே அவள் அப்படித்தான் நாக்கைத் தட்டுவாள். திரும்பிப் பார்த்தேன். மத்தியான வெயில் கதவிடுக்கு வழியாகத் தரையில் விழுந்து கிடந்தது, வேறு யாரும் இல்லை. ஃபாதரிடம் சொன்னால் ஜெபமாலை சொல்லச் சொல்வார் என்று சொல்லவில்லை. மிஷினைப் பிறகு தொடவும் இல்லை. ஊசி நூலோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சேலைகளை எடுத்தவர்கள் கிழிசல் என்று ஒதுக்கிய சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை ஒன்றும் மிச்சம் இருந்தது. அதை மடித்து அடித்துணியாக விரித்தேன். அதன் மேல் துண்டுகளைப் பொருத்தி, கோடு போன வழியே ஓட்டுத்தையல் போட்டேன். விரலில் குத்திக்கொள்ளாத நாள் இல்லை. மிச்சத் துண்டை விரித்துப் பார்த்தால், கழுத்து வெட்டிப் போன இடம் தெரியும், கை வெட்டிப் போன இடம் தெரியும். வீடும் அப்போது அப்படித்தான் இருந்தது. அவள் உட்கார்ந்த இடம், நின்ற இடம், ஈரக்கையைத் துடைத்த இடம் என்று எங்கே திரும்பினாலும் ஒரு வெட்டு.

அந்த அறையில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற பெண்கள் அளவுக்கென்று பழையது ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த அளவு ஜாக்கெட்டுகளை அவள் கொடியில் வரிசையாகப் போட்டிருந்தாள். ஒரு ஆண்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டுப் பாதிப்பேர் வாங்கவே வரவில்லை. மின்விசிறி சுற்றினால் எல்லாம் கையை லேசாகத் தூக்கும், இறக்கும். தலையில்லாத பெண்கள் கூட்டமாக நின்று என் தையலை வேடிக்கை பார்ப்பது போல இருக்கும். வியர்த்தாலும் பரவாயில்லை என்று விசிறியை நிறுத்திவிட்டுத் தைத்தேன். எல்லாருடைய அளவும் அங்கே தொங்கியது, அவளுடையது மட்டும் இல்லை. தனக்குத் தைக்க அவளுக்கு எதற்கு அளவு ஜாக்கெட்?

கூச்சப்படாமல் வந்தவர் பக்கத்துத் தெரு டீச்சர் ஒருவர்தான். தன்னுடையதைக் கொடியிலிருந்து எடுத்தவர், விரித்துக் கிடந்த போர்வையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"என்ன சார், எல்லாத்தையும் உள்பக்கம் மேலா வச்சுத் தச்சிருக்கீங்க? பூவெல்லாம் அடில போயிருச்சே."

"தெரியும்மா. பூவைப் போட்டது எவனோ மில்லுக்காரன். இந்தப் பக்கம்தான் எங்க வீட்டம்மா இருக்கா" என்றேன். டீச்சர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, நூலை இரட்டையாகக் கோர்க்கச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல யோசனைதான், அதன் பிறகு நூல் அறுவது குறைந்தது.

மூன்றாவது சாக்கின் அடியில் ஒரு துணிச்சுருள் கிடந்தது. கத்தரிப்பூ நிறம். பிரித்தால், முழு ஜாக்கெட்டுக்கான துணி. முதுகு, கை, முன்பக்கம் இரண்டு, எல்லாம் வெட்டி ஊக்கு குத்தி வைத்தபடி தைக்காமல் இருந்தது. முன்பக்கத் துண்டுகள் இரண்டும் ஒன்றாக இல்லை. ஒன்றில் மார்புக்குக் கூம்பாக மடிப்புப் பிடிக்கக் கோடுகள் இருந்தன. இன்னொன்றில் அந்தக் கோடே இல்லை, அளவும் சின்னது. வெட்டுப் பிசகிவிட்டது, அதனால்தான் சாக்கில் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பெரியதைச் சின்னதுக்குச் சரியாக வெட்டிவிடலாம் என்று கத்தரிக்கோலைத் திறந்தேன். எது எந்தப் பக்கம் என்று பார்க்க என் மார்பில் வைத்துப் பார்த்தேன். சின்னது வலது பக்கம் வந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் அவளுக்கு எடுத்தது வலது மார்பு.

கத்தரிக்கோல் எப்போது கீழே விழுந்தது என்று தெரியாது. இவ்வளவு நாளும் தேடிய அவள் உடம்பின் அளவு என் மடியில் இருந்தது. தெரு முழுக்கத் தைத்தவள் தன்னுடைய அந்த உடம்புக்கும் ஒன்று வெட்டி வைத்திருக்கிறாள். எண் எதுவும் போடவில்லை, கோடுகள் மட்டும். தைக்க வேண்டிய கோட்டுக்கும் துணியின் ஓரத்துக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தேன். நாளைக்கு உடம்பு வைத்தால் பிரித்து விடுவதற்காக அவள் எல்லாருக்கும் உள்ளே இரண்டு விரல் துணி விடுவாள். இதில் மூன்று விரல் இருந்தது.

படுத்திருந்த நாளெல்லாம், தேறிவிடும் என்று நான் சொன்னால் அவள் என்னிடம், "எனக்குத் தெரியும்ங்க, விடுங்க" என்றுதான் சொல்வாள். இவளே விட்டுவிட்டாளே என்று எனக்கு அவள் மேல் உள்ளுக்குள் கோபம் இருந்தது. பார்த்தால் மூன்று விரல் அகலத்துக்கு நம்பியிருக்கிறாள், அதை என்னிடம் சொல்லாமல் போயிருக்கிறாள். அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். அடக்கம் பண்ணிய அன்றுகூட அப்படி அழவில்லை. விசிறி நின்றிருந்தது. கொடியில் ஒரு ஜாக்கெட்டின் கை ஆடியது. ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த முன்பக்கத் துண்டுகள் இரண்டையும் போர்வையின் நடுவில் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூலையில் மட்டும் ஒவ்வொரு முடிச்சுப் போட்டு நிறுத்தினேன். மற்ற எல்லாக் கோட்டின் மேலும் நூல் ஓட்டியவனுக்கு இந்தக் கோட்டின் மேல் ஊசி வைக்கக் கை வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவளைக் குத்தாத இடம் இல்லை. நானும் எதற்குக் குத்த வேண்டும்? பத்திரமாக மடித்து வைத்தால் சாக்கட்டி போகாது என்று நினைத்தேன்.

கல்லறைத் திருநாளுக்கு மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து படுத்தோம். விடிந்ததும் நான் காலைப் பூசைக்குப் போனேன். அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது. எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் வருகிற நாள் என்றால் வீட்டில் உள்ள துணி ஒன்று தப்பாது. ஜன்னல் திரை, தலையணை உறை, மிதியடி, எல்லாம் வாளிக்குள் போய்விடும். மனைவி வளர்த்த பெண் வேறு எப்படி இருப்பாள்?

திரும்பி வந்து மாடிக்குப் போனால், மலைக்கோட்டைப் பக்கம் மேகம் கட்டியிருக்க, கைப்பிடிச் சுவரில் போர்வை சொட்டச் சொட்டக் கிடந்தது.

"என்னப்பா இது, அம்புட்டும் சாக்கட்டியும் தூசியுமா இருக்கு, கை வச்சாத் தும்மலு வருது. தண்ணி வந்துச்சேன்னு அலசிப் போட்டேன்" என்றாள்.

நடுவில் பார்த்தேன். சுற்றிலும் என் கோணல் தையல், மனைவி போட்ட கோடுகளைத் தப்பாமல் பிடித்துக்கொண்டு நின்றது. நாலின் வால்கூட இருந்தது. கத்தரிப்பூத் துண்டு இரண்டும் மட்டும் வெறும் துணியாகிவிட்டன. நான் ஊசியால் குத்தியதெல்லாம் தங்கிவிட்டது. தொடாமல் பொத்தி வைத்தது போய்விட்டது.

வாயைத் திறந்தால் மகளை என்ன சொல்லிவிடுவேனோ என்று உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய்ப் பக்கத்தில் வந்தாள்.

"உங்கம்மா ஜாக்கெட்டும்மா அது. கடைசியா அவ போட்ட கோடு இருந்துச்சு" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். அந்தத் துணியை இதற்கு முன் பார்த்தவள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அப்பா, அந்தக் கோடு அம்மா போடல. நாந்தான் போட்டேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நான் வந்திருந்தப்ப ஒருநாள் நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. அம்மாவுக்கு விரலெல்லாம் மரத்துப் போயி சாக்கட்டி நிக்கல. நாஞ் சொல்றேன், நீ போடுன்னாங்க. ரெண்டு விரல் விடுன்னாங்க. நான் மூணு விட்டேன். எதுக்குடி இம்புட்டுன்னாங்க. இருக்கட்டும்மா, கிறிஸ்துமசுக்குள்ள உடம்பு தேறிரும்லன்னேன்."

மனைவி நம்பினாள் என்று நான் கட்டிக்கொண்டு அழுததெல்லாம் இந்தப் பெண் நம்பியது. விடுங்க என்று அவள் என்னிடம் சொன்னதுதான் உண்மை போலிருக்கிறது. இரண்டாம் தடவையும் அவளைப் புதைத்துவிட்டு வந்தவன் போல உட்கார்ந்திருந்தேன்.

"அதுக்கு உங்கம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலப்பா. கத்திரிய எடுத்தாங்க. நான் வெட்டுறேன்னா விடல. அவுக கத்திரிய யாருகிட்ட குடுத்திருக்காங்க? கை வீங்கிப் போயிருந்துச்சு, நிறுத்தி நிறுத்தி வெட்டுனாங்க. வேணாம்னா ஒரு விரல உள்ள தள்ளி வெட்டிருக்கலாம்ல? நான் விட்ட ஓரத்துலயேதான் வெட்டுனாங்க."

எழுந்து போய் அந்த ஈரத் துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். நேர்கோடாகப் போகும் அவள் வெட்டு இதில் அப்படி இல்லை. நிறுத்தி நிறுத்தி எடுத்த இடமெல்லாம் சின்னச் சின்னப் படிகளாக விரலில் தட்டுப்பட்டது. தண்ணீர் பட்டு அந்த ஓரத்தில் இழை பிரியத் தொடங்கியிருந்தது.

"பிரியுதுப்பா. காய்ஞ்சா இன்னும் பிரியும், இப்பவே தைக்கணும்" என்று மகள் கீழே போய் ஊசி நூல் கொண்டு வந்து தானே தைக்க உட்கார்ந்தாள்.

மகள் கையிலிருந்து ஊசியை வாங்கிக்கொண்டேன். ஓரத்தோடு ஒட்டி, மனைவி வெட்டை நிறுத்திய இடத்தில் எல்லாம் நானும் நிறுத்தித் தைத்தேன்.