சாயிபின் மாதா வருமுன் ஒரு மஞ்சள் சுவர்

கயத்தான் கப்பல் வேலையை விட்டு வந்த புதிதில் வீடெங்கும் கடல் நீலம் அடித்தார். இப்போது பக்கவாதம் வந்து, நாளெல்லாம் அந்த நீலத்தையே பார்த்தபடி படுத்துக் கிடக்கிறார். அவர் மனைவி எஸ்பரான்சாவுக்கு அது பொறுக்கவில்லை. கோயில் மெழுகுவத்தி நிறத்தில், கண்ணுக்கு இதமான இளமஞ்சளாக மாற்றிவிட நினைத்தாள். மாப்புசா சந்தையில் பெயிண்ட் டப்பாவும் வாங்கியாயிற்று.

அவசரமும் இருந்தது. மழை ஓய்ந்து, ஊரார் 'சாயிபின்' என்று அழைக்கிற மாதாவின் சுரூபம் வீடு வீடாக வந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் ஒரு ராத்திரி தங்குவாள். வீடு ஆயத்தமில்லை என்றால் தாண்டிப் போய்விடுவாள்; பிறகு அடுத்த வருஷம்தான். அதுவரை கயத்தான் இருப்பாரோ என்னவோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

ஆள் வைக்க வழியில்லை. அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்து, மிச்ச நேரத்தில் அவளே பிரஷ் பிடித்தாள். முதலில் அவர் கட்டிலுக்கு எதிர்ச்சுவர். அதன் பின்னால் அடுப்படி என்பதால் சுவர் நன்றாகக் காய்ந்திருந்தது. பழைய பூச்சையும் சுண்ணாம்பையும் பொறுமையாகச் சுரண்டிவிட்டுத்தான் அடித்தாள். கூடத்துக்கு வந்தபோது கை ஓய்ந்துவிட்டது. சுரண்டாமல், மழை குடித்த சுவரின் மேலேயே பெயிண்டை ஏற்றிவிட்டாள்.

மாதா வரவேண்டிய நாள் விடிந்தபோது, பீடம் வைக்கிற சுவர் அப்பளம் போல உப்பியிருந்தது. தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. எஸ்பரான்சா அழவில்லை. துடைப்பத்தை எடுத்துக் கூட்டினாள். முதுகு நிமிர மாட்டேன் என்றது. சுரூபம் இருந்த பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"உம்பெலினா, இந்த வருஷம் எங்க வீட்டத் தாண்டிக் கொண்டு போயிருங்க."

"ஐயோ, அண்ணனுக்கு என்ன?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. சுவத்துக்குத்தான் சொறி புடிச்சிருக்கு."

உம்பெலினா வந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "சுண்ணாம்புச் சுவரு, அதுவும் ஈரம்! நம்ம ஊருல பொறந்தவ செய்யுற வேலையாக்கா இது?"

"சொரண்டத் தெம்பில்லடி."

"மாட்டுக் கொட்டில்ல புள்ள பெத்தவ அவ. உன் சுவத்தப் பாத்தா மொகத்தச் சுளிக்கப் போறா?"

"இந்தக் குப்பையில வைக்க எனக்கு மனசு வரல."

உள்ளேயிருந்து கயத்தான் குழறலாக ஏதோ சொன்னார். அந்தப் பேச்சு எஸ்பரான்சாவுக்கு மட்டும்தான் விளங்கும்.

"என்னவாம்?"

"இங்க கொண்டாங்கறாரு."

"படுக்கையறைக்கா? எந்த வீட்டுலயும் கூடத்துலதான வைப்பாங்க! மூத்திரச் சட்டி இருக்கிற எடம்…"

"அத நீ வெளிய வையி. நான் மேசையத் தூக்குறேன்."

பொழுது சாய்ந்ததும் பாட்டோடு மாதா வந்தாள். கட்டிலுக்கு எதிரே, மஞ்சள் சுவரையொட்டி அமர்ந்தாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுவரும் அதே நிறமாக இருந்தது. இடம் போதாமல் பாதிப்பேர் கூடத்தில், உதிர்ந்த பெயிண்டின் மேலேயே முழந்தாளிட்டார்கள். கயத்தான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபமாலையை நடத்த வேண்டியவள் வீட்டுக்காரி. ஆனால் எஸ்பரான்சா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள், முதல் பத்து மணிகளுக்கான ஜெபம் முடியும் முன்பே தூங்கிப்போனாள். உம்பெலினா அவள் தோளைத் தொட்டு எழுப்பப் போனாள்.

கயத்தான் விளங்குகிற கையை மெல்லத் தூக்கி, வேண்டாம் என்று ஆட்டினார்.

உம்பெலினா குரலைத் தாழ்த்திக்கொண்டு, மிச்ச ஜெபத்தைத் தானே சொல்லத் தொடங்கினாள்.